சிறைப்புறக் கூற்றும் பெயர் சுட்டா மரபும்

தமிழாராய்ச்சி ஏட்டுச் சுவடியோடு நின்ற காலம் போயிற்று. வாய்மொழிப் பாட்டும் கதையும் தனிமாந்தர் வாழ்க்கை வரலாறும் இன்று ஆய்வுக்குரிய பொருள்களாகிவிட்டன. மாணவர் ஊர்தோறும் செல்கின்றனர், கேட்கின்றனர், ஒலிப்பதிவு செய்து கொணர்கின்றனர். அவருள் சிலர் சிறைக்கோட்டத்தின் வாயிலையும் அணுகத் தொடங்கியுள்ளனர். சிறைப்பட்டோர் பாடும் பாட்டும் அவர்தம் குழூஉக்குறியும் அவர் எழுதும் மடல்களும் தமிழ் வழக்கின் ஒரு பகுதியே ஆதலின், இவ்வார்வம் வரவேற்கத் தக்கது. ஆயின், சிறையில் இருப்பாரிடம் எவ்வாறு கேட்பது, கேட்டதை எவ்வாறு எழுதுவது, எதனை எழுதாது விடுவது என்பன பற்றித் தமிழ்த்துறைகளில் எண்ணிப் பார்த்தார் மிகச் சிலர். மருத்துவ ஆய்வாளர்க்கு விதியுண்டு. விதியைக் காக்கும் குழுவும் உண்டு. நம்மிடம் உள்ளது பின்னிணைப்பு ஒன்றே.

அப்பின்னிணைப்பினின்றே தொடங்குவோம். நாட்டுப்புற இலக்கிய ஆய்வேடுகளின் இறுதியில் 'தகவலாளர் பட்டியல்' என ஒரு பகுதி காணப்படும். பெயர், அகவை, பால், சாதி, கல்வி, தொழில், ஊர் எனக் கட்டங்கள் வகுத்து நிரப்புவர். இப்பட்டியல் தீய நோக்கத்தில் தோன்றியதன்று. தொடக்கக் காலத் தொகுப்பாளர் பலர் பாட்டை எடுத்துக்கொண்டு பாடினாரை மறந்தனர். பாடினார் பெயரைப் பதிவு செய்தலே நேர்மை எனப் பின்வந்தோர் வற்புறுத்தினர்; அவ்வற்புறுத்தல் முற்றிலும் தக்கதே. நாற்று நடும் பெண்ணொருத்தி பாடிய பாட்டின்கீழ் அவள் பெயர் நிற்றல் அவளுக்குப் பெருமையும் ஆய்வுக்கு உறுதியும் ஆகும்.

அதே கட்டங்களைச் சிறைப்பட்டான் ஒருவனுக்கு நிரப்பினால் விளைவு என்ன? தொழில் என்னும் கட்டத்தில் ஆயுள் கைதி என்று எழுதப்படும். அருகே அவன் சாதியும் ஊரும் நிற்கும். முன்பு ஆய்வேடு நூலகத்துப் பேழையுள் உறங்கும். தேர்வாளர் இருவரும் பின்வரும் மாணவர் ஒரு சிலருமே அதனைப் புரட்டுவர். பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு வகுத்த விதிக்குப்பின் ஆய்வேடுகள் மின்வடிவில் பெறப்பட்டுச் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. உலகின் எம்மூலையில் இருப்பாரும் நொடியில் அவற்றைப் படிக்கலாம். தண்டனை முடிந்து ஊர் திரும்பிய ஒருவன் தன் மகளுக்கு மணம் பேசும் நாளில், பெண் கேட்டு வந்தார் அப்பட்டியலைக் கண்டால், நாம் அவனுக்கு இரண்டாம் முறை தண்டனை அளித்தவராவோம். முதல் தண்டனைக்கேனும் முடிவு நாள் ஒன்று இருந்தது.

இச்சிக்கலுக்கு வேண்டும் நெறியை மேலைநாட்டிலிருந்தே இரவல் பெறல் வேண்டும் என்பார் உளர். மேலைநாட்டு விதிகளையும் யாம் பின்னர் நோக்குவோம். ஆயினும் பெயரைச் சுட்டுவதா விடுவதா என்னும் வினாவை இலக்கிய நெறியாகவே வைத்து ஆராய்ந்த மொழி தமிழ் என்பதனை மறத்தலாகாது. மக்களைப் பொருளாகக் கொண்ட ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுங்கால் எவர் ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் துணிபு. தொல்காப்பியர் சிறையாய்வுக்கு விதி வகுத்தார் என யாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் நகைப்புக்கு இடமாகும். ஒருவரது உள்வாழ்க்கையை ஊரறியச் சொல்லுங்கால் அவ்வொருவரை மறைத்தே சொல்லல் வேண்டும் என்னும் உணர்வு அவ்விதியின் அடியில் உள்ளது என்பதே எம் கருத்து. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களால் இரண்டாயிரம் ஆண்டு உள்ளங்கள் பேசியுள்ளன. அவற்றால் பாட்டின் உண்மை குறைந்ததாக எவரும் கூறிலர்.

பெயரை விட்டாற் போதுமா? போதாது என்பதனை நெடுநல்வாடை காட்டும். அப்பாட்டில் பிரிந்திருக்கும் தலைவியின் துயரும் பாசறையில் இருக்கும் வேந்தனின் நிலையும் பேசப்படுகின்றன. எவர் பெயரும் இல்லை. அமைப்பால் அது அகம் போலவே ஒழுகுகின்றது. ஆயினும் வேந்தன் முன் செல்வான் ஏந்திய வேலில் வேம்பு சூட்டப்பெற்ற செய்தி ஒன்று இடையே வந்துவிட்டது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அவ்வோர் அடையாளத்தால் தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிட்டமையின் இப்பாட்டு அகம் ஆகாது, புறமே என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்தார். பெயர் சொல்லப்பட்டதா என்று அவர் பார்க்கவில்லை. ஆள் தெரிகின்றானா என்றே பார்த்தார். இக்கால ஆய்வு நெறியாளர் மிக விரித்துப் பேசும் கருத்தொன்றை உரையாசிரியர் ஒரு பூவில் முடித்துவிட்டார்.

இதனை நம் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இராசபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் உள்ளது. அதனைச் சூழ்ந்த காடு முன்னர்ச் சாம்பல் நிற அணில் காப்பகத்துள் அடங்கியது. 2021-ஆம் ஆண்டு முதல் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. மலைப்பகுதியில் பளியர் வாழ்கின்றனர். நாட்டுப்பாட்டுத் தொகுக்கும் மாணவர்க்கு இது விருப்பமான களம். இனி, உண்மை நிகழ்ச்சியன்றி எடுத்துக்காட்டாக ஒன்றனைக் கற்பித்துக்கொள்வோம். இவ்வட்டாரத்தான் ஒருவன் காட்டுக் குற்றமொன்றில் திருவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, மதுரை நடுவண் சிறையில் சில காலம் இருந்தான். அங்கே அவன் தேனெடுப்புப் பாட்டு ஒன்றைப் பாடக் கேட்ட ஆய்வாளர், பெயரை நீக்கிவிட்டு, 'அய்யனார் கோவிலை அடுத்த குடியிருப்பைச் சேர்ந்த ஐம்பது அகவையுடைய பளியர்; காட்டுக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டவர்; சிறந்த பாடகர்' என அடிக்குறிப்பு எழுதுகின்றார். பெயர் மறைந்தது, ஆள் மறைந்தானா? சில வீடுகளே உள்ள குடியிருப்பில் இக்குறிப்பைக் கேட்ட குழந்தையும் இன்னார் என்று விரல் நீட்டும். வனத்துறைக் காவலர்க்கோ அவ்வளவும் வேண்டா. ஊர், தொழில், குற்றம், அகவை என்னும் நான்கும் சேர்ந்து வேலில் சூட்டிய வேம்பாகிவிட்டன. இராசபாளையம் நகரத்தான் ஒருவனுக்கு இக்குறிப்புப் பொருந்துமாயின் தீங்கு குறைவு. கூட்டம் சிறிதாகச் சிறிதாக மறைக்க வேண்டுவன மிகும் என்பதனை ஆய்வாளர் உளங்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு வகையாலும் மறை வெளிப்படும். வெள்ளிவீதியார் பாட்டுகளில் தலைவி ஒருத்தியின் துயரே பேசப்படுகின்றது. கணவனைத் தேடி அலைந்தவர் வெள்ளிவீதியாரே என்னும் செய்தியை நாம் ஒளவையார் பாட்டொன்றால் அறிகின்றோம். ஒருவர் மறைத்ததை மற்றொருவர் நூல் திறந்துவிட்டது. செய்தித்தாளின் பழைய இதழும் நீதிமன்றத் தீர்ப்பின் படியும் ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் ஒருங்கு வைத்துப் பார்க்கப்படும் இக்காலத்தில் இவ்வகை வெளிப்பாடு மிக எளிது. தம் ஆய்வேட்டை மட்டும் படித்துப் பார்த்து 'மறைத்துவிட்டேன்' என ஒருவர் அமைதல் ஆகாது.

இனி, சிறையில் சொல்லப்படும் சொல்லின் இயல்பு பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நம் துறையினர் பிறர்க்குக் கற்பிக்கத் தக்க பகுதி இதுவே என யாம் கருதுகின்றோம். அகப்பாட்டின் அடிக்குறிப்புகளில் 'தலைவன் சிறைப்புறமாகத் தோழி சொல்லியது' என அடிக்கடி வரும். ஈண்டுச் சிறை என்பது வேலிப்புறம், சிறைச்சாலையன்று. தோழி தலைவியை நோக்கிப் பேசுகின்றாள். ஆயின் அவள் சொல்லின் குறி வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவனே. முன்னிலை ஒருவர், கேட்குநர் மற்றொருவர். இவ்வமைப்பை அறியாது பாட்டைப் படித்தால் பொருள் பிறழும். சிறைச்சாலையில் நிகழும் நேர்காணல் பெரும்பாலும் இத்தகையதே. காவலர் ஒருவர் அருகே நிற்கின்றார். அல்லது கதவுக்கு அப்பால் நிற்கின்றார். கைதி ஆய்வாளரை நோக்கி, 'இங்கே உணவு நன்று. அதிகாரிகள் அன்பாக நடத்துகின்றனர்' என்பான். அது நமக்குச் சொல்லிய சொல்லன்று. 'என் குற்றத்துக்கு வருந்துகின்றேன்' என்பதும் விடுதலையை முடிவு செய்யும் குழுவின் செவிக்குச் சென்று சேர்க எனச் சொல்லியதாகலாம். பொய் என்று அவற்றை ஒதுக்கற்க. தோழியின் கூற்றும் பொய்யன்று. கேட்போரை அறிந்து சொல்லிய சொல். நேர்காணலின் போது யார் எங்கே நின்றார் என்பதனைக் குறியாத சிறையாய்வேடு, துறைக்குறிப்பு இழந்த அகப்பாட்டை ஒக்கும்.

இவ்விடத்து அரசு விதியொன்றை நோக்குதல் வேண்டும். தில்லி நிகழ்ச்சி பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்காகத் திகார்ச் சிறையில் 2013-இல் கைதியொருவனிடம் எடுக்கப்பட்ட நேர்காணல் 2015 மார்ச்சில் பெரும் பூசலை எழுப்பிற்று. அதன்பின் அவ்வாண்டு சூலையில் நடுவண் உள்துறை அமைச்சகம் சிறைக்குள் ஆய்வு செய்வார்க்கும் படம் எடுப்பார்க்கும் நெறிமுறைகளை மாநிலங்களுக்கு அனுப்பிற்று. முன்கூட்டி விண்ணப்பித்தல், ஓர் இலட்ச உரூபாய் பிணைத்தொகை, பதிவு செய்தவற்றை அதிகாரிகள் பார்வைக்கு வைத்தல், வெளியிடுமுன் இசைவு பெறுதல் என்பன அவற்றுள் காணப்படுவன. இவை சிறையின் காப்புக்கும் அரசின் நற்பெயர்க்கும் வேண்டுவனவாகலாம். ஆயின் கைதியின் மறைவாழ்வை இவை காப்பனவல்ல என்பதே எம் மதிப்பீடு. பதிவை அதிகாரி கேட்பார் என்பது விதியாயின், கைதி சொல்லியது மறையாகாது என்பதும் விதியாகிவிடுகின்றது. அவ்வாறிருக்க, ஆய்வாளர் கைதியிடம், 'நீ சொல்வது என்னோடு நிற்கும்' என உறுதி கூறுதல் எங்ஙனம்? கூறலாகாது. 'இப்பதிவை அதிகாரிகள் கேட்கக்கூடும். அறிந்து பேசுக' என முதற்கண் அறிவித்தலே நேர்மை. பாட்டும் கதையும் தொகுப்பார்க்கு இதனால் பெரிய இழப்பில்லை. சிறை வாழ்வின் கொடுமையை அறிய விழைவார்க்கு இழப்பு மிகப் பெரிது; அவர்கள் விடுதலையானோரைச் சிறைக்கு வெளியே கண்டு கேட்பதே தக்கது.

ஒப்புதல் பற்றியும் இவ்வாறே. கையொப்பம் பெற்றுவிட்டோம் என்பதனால் கடமை தீர்ந்ததாக நினைத்தல் பிழை. அமெரிக்க நாட்டில் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை மருத்துவர் கிளிக்மன் தலைமையில் கைதிகளின் உடலில் மருந்தும் பூச்சுப்பொருள்களும் ஆராயப்பட்டன. அவர்களும் சிறுதொகை பெற்றுக் கையொப்பமிட்டவரே. வேறு வருவாயில்லாத இடத்தில் சிறுதொகையும் பெருவிலையாகும் என்பதனை அந்நாடு காலங்கடந்து உணர்ந்து, 1978-இல் கைதிகள் தொடர்பான ஆய்வுக்குத் தனிவிதி வகுத்தது. கைதிக்குக் கிடைக்கும் பயன் அவன் தெளிவைக் கெடுக்கும் அளவில் இருத்தல் ஆகாது. ஆய்வில் பங்கு கொண்டமை முன்விடுதலைக்குத் துணையாதல் ஆகாது. ஆய்வை மதிப்பிடும் குழுவில் கைதி ஒருவரோ அவர் சார்பாளரோ இருத்தல் வேண்டும் என்பன அவ்விதியின் கூறுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் சிறைப்பட்டோரை எளிதில் ஊறுபடுவோர் வரிசையில் வைத்துள்ளன. பாட்டுக் கேட்டல் ஊசி குத்துதல் அன்றே என்பர். உண்மையே. ஆயினும் கண்காணிப்பாளர் வாயிலாக அழைக்கப்பட்டு வரும் கைதி, 'பாட விருப்பமில்லை' எனச் சொல்லும் நிலையில் இருக்கின்றானா என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

தமிழ்நாட்டில் இப்பொருள் நேராக எழுந்த வழக்கு ஒன்றுண்டு. அது நூலொன்றைப் பற்றிய வழக்கு என்பதால் இலக்கிய மாணவர் அனைவரும் அறிதற்குரியது. பல கொலைகளுக்காக 1991 மே 31-இல் செங்கற்பட்டு அமர்வு நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஆட்டோ சங்கர் என்பவர் சிறையில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியதாகவும், அது முந்நூறு பக்கம் உடையதென்றும், அதிகாரிகள் சிலரோடு தமக்கிருந்த தொடர்பினை அதில் கூறியுள்ளாரென்றும் 'நக்கீரன்' இதழ் அறிவித்தது. 1994 சூனில் சிறைத்துறைத் தலைவர் அதனை வெளியிடலாகாது என மடல் விடுத்தார். இதழாசிரியர் உச்ச நீதிமன்றம் சென்றார். இராசகோபால் எதிர் தமிழ்நாடு மாநிலம் எனப்படும் அவ்வழக்கில் 1994 அக்டோபர் 7-இல் தீர்ப்பு வந்தது. தனிமை உரிமை அரசியல் சட்டத்தின் இருபத்தொன்றாம் உறுப்பில் அடங்கியதென்றும், பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை இசைவின்றியும் வெளியிடலாமென்றும், அவற்றைக் கடந்த வாழ்க்கைச் செய்திகளுக்கு உரியவர் இசைவு வேண்டுமென்றும், பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு ஆளான பெண்டிர் பெயர் பொது ஆவணத்தில் இருப்பினும் வெளியிடலாகாதென்றும், அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டித் தடுத்தல் இயலாதென்றும் நீதிமன்றம் வகுத்தது. 2017-ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் தனிமை உரிமையை அடிப்படை உரிமையென உறுதி செய்தற்கு முன்னரே நின்ற தூண்களுள் இத்தீர்ப்பும் ஒன்று.

சட்ட நூலார் இத்தீர்ப்பைப் பலபடப் பாராட்டுவர். இலக்கிய மாணவர் நோக்கவேண்டிய இடம் வேறு. நூலை எழுதியதாகச் சொல்லப்பட்டவர் அவ்வழக்கில் கட்சிக்காரர் அல்லர். ஆதலின், அவர் அந்நூலை எழுதவுமில்லை, வெளியிட இசையவுமில்லை என வைத்துக்கொண்டே நீதிமன்றம் மேற்சென்றது. தன் வரலாறு எனப்பட்ட நூலின் 'தான்' எவ்விடத்தும் பேசவில்லை! அடுத்த ஆண்டு ஏப்பிரலில் சேலம் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். சிறையினின்று வெளிவரும் எழுத்து மனைவி, வழக்கறிஞர், இதழாளர் எனப் பல கைகளைக் கடந்து வருகின்றது. இடைச்செருகலும் பாடவேறுபாடும் ஆராய்ந்து பழகிய நம் துறையினர், இத்தகைய எழுத்தை எடுத்தாளுங்கால் மூலபாட ஆய்வை மறந்து சொற்களை அப்படியே கைதியின் வாக்குமூலமாகக் கொள்வது வியப்பே. சி. ஏ. பாலன் எழுதிய 'தூக்குமர நிழலில்', தியாகு எழுதிய 'சுவருக்குள் சித்திரங்கள்' ஆகியவற்றின் நிலை வேறு. அவற்றை எழுதியோர் தாமே வெளிவந்து நூலுக்குப் பொறுப்பேற்றோர். ஆயினும் அந்நூல்களில் உருப்பெறும் உடன்சிறையாளர் அனைவரும் தாம் எழுதப்படுவதற்கு இசைந்தவரா என்னும் வினா எஞ்சியே நிற்கும். படைப்பாளனுக்கு அவ்வினாவில் விலக்களிக்கலாம்; அவற்றை ஆராய்ந்து பாத்திரங்களின் ஊரும் பெயரும் தேடி அடிக்குறிப்பு எழுதும் ஆய்வாளர்க்கு அவ்விலக்கு இல்லை.

ஆய்வாளர் பலர் அறியாத இடர் ஒன்றுண்டு. வழக்கறிஞரிடம் கட்சிக்காரன் சொல்வதற்குச் சட்டத்தில் மறைகாப்பு உண்டு. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த அக்காப்பு, 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்திலும் தொடர்கின்றது. ஆய்வாளர்க்கு அத்தகைய காப்பு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் குறிப்பேட்டை நீட்டியே ஆகவேண்டும். இந்நாட்டுச் சிறைகளில் 2022-ஆம் ஆண்டு இறுதியில் இருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர்க்குக் குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அத்தகையான் ஒருவனிடம் பாட்டுக் கேட்கச் சென்று, 'அன்று என்ன நடந்தது?' என ஆர்வமிகுதியால் கேட்டு, அவன் விடையைப் பதிவு செய்பவர் தம்மை அறியாமலே அவனுக்கு எதிர்ச்சான்று தேடியவராகலாம். ஆதலின் குற்றம் பற்றிக் கேளாமை சிறையாய்வின் முதல் ஒழுக்கம். அவனே சொல்லப் புகினும் கருவியை நிறுத்திவிடல் வேண்டும்.

அறிவுத்துறை அதிகாரத்தின் கைக்கருவியானதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்து 1909-இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், காவல்துறையினர்க்கு உடலளவை முறையைப் பயிற்றியவர். 1871-இல் பிறந்து 1911-க்குப்பின் சென்னை மாகாணத்திலும் நடப்புக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றே வழங்கினர். அதனை எதிர்த்தோர் 1920 ஏப்பிரல் 3-இல் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டனர். சாதி என்னும் கட்டத்தையும் குற்றம் என்னும் கட்டத்தையும் அடுத்தடுத்து வைத்து நிரப்பும் ஆய்வாளர் இவ்வரலாற்றைப் படித்தபின் நிரப்புக.

இதுகாறும் கூறியவற்றால் சிறைப்பட்டோர் எவரையும் பெயர் சுட்டலாகாது என யாம் முடிபு கட்டியதாகக் கொள்ளற்க. அகத்துக்கு எதிரே புறமும் உண்டு. புறநானூற்றின் எழுபத்துநான்காம் பாட்டு, சிறையில் நீர் இரந்து பெறநேர்ந்த மானமுடையான் ஒருவன் கூற்று. அச்செய்யுளுள் சேரன் பெயரும் இல்லை. சோழன் பெயரும் இல்லை. சேரமான் கணைக்கால் இரும்பொறை, செங்கணான், குடவாயிற்கோட்டம் என்பனவெல்லாம் அடிக்குறிப்பால் நாம் பெறுவன. பெயர் தெரியாமலே அப்பாட்டு நெஞ்சை அறுக்கும். பெயர் தெரிந்தபின் அது வரலாறாகவும் நிற்கும். 1908 முதல் 1912 வரை கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து தம் வரலாற்றைப் பாட்டாகவே எழுதிய வ. உ. சிதம்பரனார்க்குப் பெயர் மறைப்பு இழிவேயன்றிக் காப்பாகாது. கொள்கைக்காகச் சிறை சென்றாரும், தாம் குற்றமற்றவர் என உலகறிய முழங்க விழைவாரும் தம் பெயரோடு நிற்க விரும்பின், விளைவுகளை விளக்கியபின் அவ்விருப்பத்துக்கு இணங்கலே முறை.

மறைக்க வேண்டியவர்க்கோ மற்றொரு கருத்து. மேலை முறையைப் பின்பற்றுவோர் 'தகவலாளர் 1, தகவலாளர் 2' என எண்ணிடுகின்றனர். சிறை முதற்கண் செய்வது பெயரைப் பறித்து எண் கொடுத்தல். ஆய்வாளரும் அதனையே செய்தல் அழகன்று. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் பெயரறியாப் புலவர்க்கு எண் இட்டிலர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என அவரவர் சொல்லையே அவரவர்க்குப் பெயராக்கினர். சிறையிற் கேட்ட பாட்டுக்குரியாரையும் அவர் பாடிய தொடரொன்றாலோ, அவரே தேர்ந்த புனைபெயராலோ வழங்கலாம். பாடினார்க்குரிய பெருமையும் நிற்கும், ஆளும் மறையும்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர், 'இவ்வாறு ஒருவர் உண்மையில் உளரா?' என வினவுவர் என மாணவர் அஞ்சுவதுண்டு. வினவுதல் தேர்வாளர் கடமையே. புனைபெயரையும் உண்மைப் பெயரையும் இணைக்கும் தாள் ஆய்வேட்டோடு கட்டப்படாது, நெறியாளர் பொறுப்பில் தனியே பூட்டி வைக்கப்படுமாயின், தேர்வாளர் அதனை நேரிற் கண்டு தெளியலாம். பட்டம் வழங்கப்பட்டபின் அத்தாளை வைத்திருப்பதா அழிப்பதா என்பதனையும், ஒலிப்பதிவில் வரும் ஊர்ப்பெயர்களை நீக்குவது எப்பொழுது என்பதனையும் பதிவு தொடங்குமுன்னரே நெறியாளரும் மாணவரும் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். பாடினார்க்கும் அதனைப் படித்துக் காட்டல் வேண்டும்.